மாடி அறையில் மிருதங்கப் பதிவு: தொப்பி மட்டும் 'கும்'மென்று நிற்கிறது, என்ன செய்யலாம்?

தொப்பிநாதம்
எல்லோருக்கும் வணக்கம். ஊர் திருச்சி. மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு வருடமாக மாடி அறையில் பாடங்களைப் பதிவுசெய்து மாணவர்களுக்கு அனுப்பிவருகிறேன். இப்போது இரண்டு பாடகர்கள் தங்கள் பாட்டுக்கு வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பச் சொல்கிறார்கள். இனி ஒலி ஒழுங்காக இருந்தே ஆக வேண்டும்.

அறை 12 அடிக்கு 10 அடி. உயரமும் 10 அடி. செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, காங்கிரீட் தளம், தரையில் டைல்ஸ். ஒரு ஜன்னல், ஒரு கதவு, ஓர் இரும்பு பீரோ. அறையின் நட்ட நடுவில் பாய் விரித்து உட்கார்ந்து வாசிக்கிறேன். வலந்தலைக்கு (வலது முகம்) ஒரு மைக், தொப்பிக்கு (கீழ் ஒலி தரும் இடது முகம்) ஒரு மைக்.

தொப்பியில் தட்டினால் 'கும்' என்று ஒரு ஓசை எழுந்து அடங்கவே மாட்டேன் என்கிறது. கோயில் மண்டபத்தில் அதே மிருதங்கம் அப்படி இல்லை. தொப்பியில் பூசும் ரவையைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன், மைக்கைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். விரைவான சொற்களில் ஒரு அடியின் வால் அடுத்த அடியின் தலையில் ஏறிக்கொள்கிறது. முன்பு வலந்தலையில் அடிக்கும் சாப்பில் 'கிண்ண்' என்று ஓர் உலோக ஒலியும் வந்தது. ஒரு கடையில் சொன்னபடி ஒரு இஞ்ச் ஃபோம் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினேன். ஒன்பதாயிரம் ரூபாய் ஆனது. கிண் போய்விட்டது, கும் போகவில்லை. சொல்லப்போனால் இப்போது கும் மட்டும்தான் கேட்கிறது. வாசிப்பில் இருந்த பளிச்சென்ற தன்மையும் போய்விட்டது.

பீட் தம்பி
அண்ணா, முட்டை அட்டை ஒட்டிப் பாருங்கள். என் நண்பன் அறை முழுக்க ஒட்டியிருக்கிறான். செலவும் அதிகம் இல்லை.

நள்ளிரவு வாசிப்பு
முட்டை அட்டை வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன். ஒலிப்புத்தகம் வாசிக்கிறேன், கோவை. மூன்று வருடத்துக்கு முன் இரண்டு சுவர்களில் ஒட்டினேன். கை தட்டினால் வரும் எதிரொலி கொஞ்சம் மங்கியது, குரலில் இருந்த 'பெட்டிக்குள் பேசுகிற' தன்மை அப்படியே இருந்தது. ஆறே மாதத்தில் கரப்பானும் தூசியும் சேர்ந்து எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டேன்.

பழைய கன்சோல்
சார், சென்னையில் இருபது வருடத்துக்கு மேல் ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறேன். நீங்கள் விவரமாக எழுதியிருப்பதால் நானும் விவரமாகவே எழுதுகிறேன்.

உங்கள் ஃபோம் ஏமாற்று வேலை இல்லை. அதனால் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறது. ஒரு இஞ்ச் ஃபோம் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியை நன்றாக உறிஞ்சும், 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். காரணம் அலையின் நீளம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஏறத்தாழ மூன்றரை மீட்டர். சுவரை ஒட்டிய காற்று கிட்டத்தட்ட அசைவதில்லை. சுவரிலிருந்து கால் அலை தள்ளி, அதாவது இரண்டே முக்கால் அடி தள்ளித்தான் காற்று வேகமாக ஓடுகிறது. உறிஞ்சும் பொருள் அந்தக் காற்றைத் தடுத்து உராய வைத்தால்தான் ஒலி சூடாக மாறி அடங்கும். சுவரோடு ஒட்டிய ஒரு இஞ்ச் ஃபோம், காற்று அசையாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதனால் மேல் ஒலியை மட்டும் தின்றுவிட்டு, கீழ் ஒலியை உங்களுக்கே விட்டுவிட்டது. பளிச்சென்ற தன்மை போனது அதனால்தான்.

முட்டை அட்டையும் இதே கதைதான், இன்னும் மெல்லிசு. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: அது தீப்பிடிக்கும் பொருள். சாதாரண ஃபோமும் அப்படித்தான். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இசை விடுதியில், மேடை வாணத்தின் பொறி சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பட்டு 100 பேர் இறந்தார்கள். நம் வீடுகளில் ஸ்டுடியோ என்றால் பிளக் பாயிண்ட், எக்ஸ்டென்ஷன் வயர், அடாப்டர் எல்லாம் ஒரே மூலையில் குவிந்திருக்கும். பீட் தம்பி, உங்கள் நண்பரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

செலவு செய்யும் முன் ஒரு சோதனை. உங்கள் தொப்பி எத்தனை ஹெர்ட்ஸில் நிற்கிறது? போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் ஏதாவது ஒன்றில் பார்த்துச் சொல்லுங்கள்.

தொப்பிநாதம்
மிகவும் நன்றி சார். இரண்டரைக் கட்டைச் சுருதி மிருதங்கம். பத்து முறை தட்டிப் பார்த்தேன். தொப்பியின் உச்சி 115 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே வருகிறது.

ஊசல்
பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அந்த 115-ஐப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கணக்கைப் பாருங்கள்.

30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர். இரண்டு இணைச் சுவர்களுக்கு நடுவில் நிற்கும் முதல் அலையின் அதிர்வெண், வேகத்தை இடைவெளியின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 10 அடி என்பது 3.05 மீட்டர். 349-ஐ 6.1-ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். இரண்டாவது அலை அதன் இரட்டிப்பு, 114 சொச்சம். உங்கள் தொப்பி 115!

இன்னொன்று: உங்கள் அறைக்கு அகலமும் உயரமும் ஒன்றே. பக்கச் சுவர்களுக்கு இடையே ஒரு 114, தரைக்கும் மேல்தளத்துக்கும் இடையே இன்னொரு 114. இரண்டும் ஒரே எண்ணில் சேர்ந்து கூவுகின்றன. நீளம் 12 அடி என்பதால் அது 48, 96 என்று விலகி நிற்கிறது. நம் ஊரில் பத்துக்குப் பத்து அறை கட்டுவது வழக்கம், உயரமும் பத்தடி வைத்துவிட்டால் மூன்று திசையும் ஒரே எண்ணில் விழும். பதிவு அறைக்கு அதைவிட மோசமான அளவு கிடையாது.

பழைய கன்சோல்
ஊசல் சார் என் வேலையைப் பாதியாக்கிவிட்டார். இப்போது தொப்பிநாதம் சார் காசில்லாமல் செய்ய வேண்டியது. கணினியில் 115 ஹெர்ட்ஸ் சீரான ஒலி ஒன்றை ஸ்பீக்கரில் ஓடவிடுங்கள், சத்தம் மிதமாக இருக்கட்டும். ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மெல்ல நடங்கள். பிறகு நின்ற இடத்திலேயே உட்கார்ந்து எழுந்து பாருங்கள். எங்கே பெருக்கிறது, எங்கே மெலிகிறது என்று சாக்பீஸால் தரையில் குறியுங்கள்.

தொப்பிநாதம்
செய்தேன். இதை எழுதும்போதும் வியப்பு அடங்கவில்லை.

சுவரோடு காதை வைத்தால் பெரிய சத்தம். இரண்டு அடி தாண்டியதும் ஒலி இளைத்து, இரண்டரை அடியில் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. ஸ்பீக்கர் நின்றுவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். இன்னும் நடந்தால் அறை நடுவில், என் பாய் விரித்திருக்கும் அதே இடத்தில், மறுபடி வயிற்றில் இடிக்கிற அளவுக்குப் பெருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டு நடக்கச் சொன்னேன். "இங்கே இருக்கு, இங்கே இல்ல" என்று அவரும் அதே இடங்களில்தான் நின்றார். பாயில் படுத்துத் தரையில் காது வைத்தால் பெரிது, முழங்கால் போட்டு நிமிர்ந்தால் குறைவு.

ஆக, ஒரு வருடமாக மிகச் சத்தமான இடத்தைத் தேடிப்பிடித்து உட்கார்ந்து வாசித்திருக்கிறேன்.

பழைய கன்சோல்
அதேதான். இரண்டாவது அலைக்கு இரு சுவர்களும் நடுவும் காற்றழுத்தத்தின் உச்சம், கால் பங்கில் வெறுமை. 10 அடிக்குக் கால் பங்கு இரண்டரை அடி. உச்சத்தில் வைத்துத் தட்டினால் அறை முழு பலத்தோடு பதில் சொல்லும். வெறுமையில் வைத்துத் தட்டினால் அந்த அலையைத் தூண்டவே முடியாது. மைக்குக்கும் இதே விதி.

நீளவாட்டில் பார்த்து உட்காருங்கள். தொப்பி இடது சுவரிலிருந்து இரண்டரை அடியில் இருக்கட்டும். பின் சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி இருந்தால் நீள அலையின் நடுவிலும் மாட்ட மாட்டீர்கள்.

உயரமும் அதே கணக்கு. தரையில் உட்கார்ந்தால் தொப்பி ஓர் அடி உயரத்தில் இருக்கும், அது இன்னும் உச்சத்துக்குப் பக்கம்தான். ஒன்றரை அடி மேடை போட்டு உட்கார்ந்தால் இரண்டரை அடி வந்துவிடும். ஆனால் மேடை உள்ளே காலியாக இருந்தால் அதுவே ஒரு கஞ்சிரா ஆகிவிடும். உள்ளே பழைய துணியை இறுக்கி அடைக்க வேண்டும்.

பீட் தம்பி
சார், 115-ஐ ஈக்யூவில் (குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி) வெட்டிவிட்டால் போதாதா?

பழைய கன்சோல்
அளவைக் குறைக்கலாம் தம்பி, வாலை வெட்ட முடியாது. தொப்பியின் தலையும் 115, அறையின் வாலும் 115. ஈக்யூவுக்கு இரண்டும் ஒன்றுதான். வாலைக் குறைக்கப் போனால் தொப்பியின் உடம்பையும் சேர்த்துச் சீவிவிடும். வெறுமையான இடத்தில் பதிவாகாமல் போன ஒலியையும் ஈக்யூவால் திரும்பக் கொண்டுவர முடியாது. இல்லாததை எத்தனை பெருக்கினாலும் இல்லாததுதான்.

பனிக்கால ராகம்
டொராண்டோவிலிருந்து. எங்கள் பேஸ்மென்ட் அறையும் கிட்டத்தட்ட இதே அளவுதான், ஆனால் இங்கே பேஸ் (கீழ் ஒலி) இப்படி நிற்பதில்லை. அப்படியானால் கணக்கு எங்கே தப்புகிறது?

பழைய கன்சோல்
கணக்கு தப்பவில்லை. உங்கள் உள் சுவர் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. கீழ் ஒலி பட்டால் அந்தப் பலகையே கொஞ்சம் அதிர்ந்து ஒரு பங்கைத் தின்றுவிடும், இன்னொரு பங்கு பக்கத்து அறைக்கு ஓடிவிடும். எங்கள் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரும் காங்கிரீட் தளமும் அசையாது. பேஸ் முழுவதும் உள்ளேயே சுழலும். யூடியூபில் பார்க்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை உங்கள் மாதிரி வீடுகளிலிருந்து வருகின்றன. "மூலைக்கு ஒரு சின்ன பேஸ் ட்ராப் (கீழ் ஒலியை உறிஞ்சும் பொருள்) போதும்" என்று அவர்கள் சொல்வது அங்கே உண்மையாக இருக்கலாம். இங்கே போதாது. நம் வீட்டுக்குத் தடிமன் வேண்டும், அதுவும் நிறைய வேண்டும்.

தொப்பிநாதம்
இடம் மாறி உட்கார்ந்து வாசித்தேன். மேடைக்குப் பதில் இப்போதைக்கு அரிசி மூட்டைகள் மேல் பலகை. கும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, காசு செலவில்லாமல்! ஆனால் சுவர் பக்கத்தில் வந்ததால் தொப்பி ஒலி கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது. அடுத்து என்ன வாங்கலாம்? பட்ஜெட் இருபதாயிரம்.

பழைய கன்சோல்
பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு கலப்பதால் வரும் கலங்கல் அது. அந்தச் சுவரில்தான் முதல் பேனல் (ஒலி உறிஞ்சும் பலகை) போக வேண்டும். ஒரு இஞ்ச் ஃபோம் அங்கே உதவாது. ராக்வூல் ஸ்லாப் (பாறையை உருக்கி நாராக்கிய பலகை) வாங்குங்கள், பாய்லர், குழாய்களுக்குச் சுற்றுகிற அதே சரக்கு. இன்சுலேஷன் பொருள் விற்கும் மொத்தக் கடையில் கேட்டால் கிடைக்கும், இசைக் கருவிக் கடையில் தேட வேண்டாம். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, இரண்டு இஞ்ச் தடிமன். இரண்டை ஒன்றாகச் சேர்த்து நாலு இஞ்ச் ஆக்கி, சுவரிலிருந்து இன்னொரு நாலு இஞ்ச் இடைவெளி விட்டு மாட்டுங்கள். அந்த இடைவெளிக்குச் செலவில்லை, ஆனால் பேனல் காற்று அசையும் இடத்துக்கு வந்துவிடுகிறது. ராக்வூல் எரியாது என்பது இன்னொரு நிம்மதி.

அதிக அடர்த்தி என்றால் அதிக உறிஞ்சல் என்று கடையில் 96, 144 தள்ளிவிடப் பார்ப்பார்கள். நாலு இஞ்சுக்கு 48 போதும். மிக இறுகிய பலகைக்குள் கீழ் ஒலி நுழையத் தயங்கும்.

இழைப்புளி
மதுரையில் மரவேலை. ரெண்டு ஸ்டுடியோவுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

சட்டத்துக்கு ரீப்பர் கட்டை வேண்டாம், வளையும். 12 எம்எம் பிளைவுட்டை நாலே கால் இஞ்ச் பட்டையாக அறுத்து நாலுக்கு ரெண்டு அடி பெட்டியாக ஸ்குரூ போடுங்கள். பின்னால் குறுக்கே ரெண்டு பட்டை, ஸ்லாப் விழாமல் தாங்கும். ஸ்லாப்பை முதலில் நான்-ஓவன் துணியில், ஜவுளிக்கடைப் பை மாதிரி இருக்குமே அதில், சுற்றிவிடுங்கள். இல்லையென்றால் நார் உதிரும். மேலே காடா துணியை இழுத்து ஸ்டேப்ளர் கன்னால் அடியுங்கள். துணி சரியானதா என்று பார்க்க வாயருகே வைத்து ஊதுங்கள். மூச்சு சுலபமாகப் போனால் ஒலியும் போகும். ரெக்சின் போட்டால் எல்லாம் வீண்.

வெட்டும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க் கட்டாயம். மொட்டை மாடியில் வெட்டுங்கள். வெட்டிய உடனே பச்சைத் தண்ணீரில் கை கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம், அரிப்பு அதிகமாகும். ஒரு பேனல் ஏழு கிலோ வரை வரும், சுவரில் ஃபிஷர் பிளக் போட்டே மாட்டுங்கள்.

நள்ளிரவு வாசிப்பு
எல்லாராலும் ராக்வூல் தேடிப் போக முடியாது, அதனால் என் அனுபவத்தையும் வைக்கிறேன். பாட்டி வீட்டிலிருந்து இரண்டு இலவம்பஞ்சு மெத்தை வந்தது. ஒன்றைச் சுருட்டி மூலையில் நிறுத்தினேன், இன்னொன்றை நான் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் கொடியில் தொங்கவிட்டேன். முதல் பதிவைக் கேட்டதும் பதிப்பகத்திலிருந்து "புது மைக்கா?" என்று கேட்டார்கள். மைக் அதே பழைய மைக்தான்.

குரல் பதிவு செய்கிறவர்களுக்கு ஒன்று: மைக்குக்குப் பின்னால் மட்டும் ஃபோம் வைப்பது பெரிதாக உதவாது. குரலுக்கு வைக்கும் மைக் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் கேட்கிறது. அது பார்ப்பது உங்கள் முகத்தையும், முகத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். மெத்தை இருக்க வேண்டிய இடம் உங்கள் முதுகுக்குப் பின்னால்.

ஊசல்
அக்கா, உங்கள் மெத்தைக்கு ஒரு வரலாறே இருக்கிறது. ஹார்வர்டில் ஒரு விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை என்று 1895-இல் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அங்கே ஒலி அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆனது. அவர் இரவு நேரத்தில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, கடிகாரத்தை வைத்து, இத்தனை மெத்தைக்கு இத்தனை நொடி என்று அளந்தார். அதிலிருந்து வந்த சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும்.

தொப்பிநாதம் சாரின் அறை 34 கன மீட்டர். ஒலி 0.4 நொடியில் அடங்க வேண்டுமென்றால் 14 சதுர மீட்டர் முழு உறிஞ்சும் பரப்பு தேவை. நாலுக்கு இரண்டு அடி பேனல் ஒன்று முக்கால் சதுர மீட்டர். நாலைந்து பேனல் மாட்டிவிட்டு 'ஒன்றும் ஆகவில்லையே' என்று சோர்ந்துபோகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழ் ஒலிக்கு இந்தச் சூத்திரம் சின்ன அறையில் சரிவராது, அங்கே தனித்தனி அலைகளைத்தான் பார்க்க வேண்டும். மற்றதற்குக் கணக்கு சரியாகவே இருக்கும்.

தொப்பிநாதம்
14 சதுர மீட்டரா! படிப்படியாகத்தான் போக முடியும். மூலைகளுக்கு என்ன செய்யலாம் சார்?

பழைய கன்சோல்
மூலைதான் உங்கள் அறைக்கு உயிர்நிலை. எல்லா அலைகளுக்கும் மூலையில் உச்சம், ஆகவே அங்கே வைக்கும் தடித்த பொருள் எல்லாவற்றையும் கொஞ்சம் பிடிக்கும். ஸ்லாப்பை முக்கோணமாக வெட்டித் தரையிலிருந்து மேல்தளம் வரை அடுக்குவது மிகச் சிறந்தது. ஆனால் ஒரு மூலைக்குப் பதினைந்து ஸ்லாப் போகும். உங்கள் பட்ஜெட்டில் நாலு இஞ்ச் பேனலை மூலைக்குக் குறுக்கே நிறுத்துங்கள், பின்னால் உள்ள காலியிடத்தில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி அடையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மெத்தையை வெயிலில் போட மறக்காதீர்கள்.

ஒட்டிய ஃபோமில் பாதியைப் பிய்த்துவிடுங்கள். இழந்த பளிச் திரும்பட்டும். நாதம் கொஞ்சம் உயிரோடு இருக்க வேண்டிய வாத்தியம் இது, பஞ்சுக்குள் புதைத்துவிடக் கூடாது.

பீட் தம்பி
இத்தனை பேனல் போட்டால் வெளிச்சத்தமும் நின்றுவிடும்தானே?

பழைய கன்சோல்
நிற்காது. இரண்டும் வேறு வேறு வேலை. பேனல் அறைக்குள் பிறந்த ஒலியை அடக்கும். வெளிச்சத்தத்தைத் தடுக்க எடையும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். நம் செங்கல் சுவருக்கு எடை ஏற்கெனவே இருக்கிறது, ஓட்டை கதவிலும் ஜன்னலிலும்தான். பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதி எத்தனை கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கதவின் கீழ் இடுக்குக்கு ரப்பர், ஜன்னல் சட்டத்தைச் சுற்றி பீடிங். இந்தச் சில நூறு ரூபாய் வேலையை முதலில் செய்யுங்கள்.

நள்ளிரவு வாசிப்பு
அதோடு நேரமும். நான் பத்து மணிக்கு ஏசி போட்டு அறையைக் குளிர வைத்து, பதினொன்றுக்கு ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வாசிப்பேன். இருபது நிமிடம் தாங்கும். பகலில் எங்கள் ஜன்னல் அணிலை எதைக் கொண்டும் தடுக்க முடிந்ததில்லை.

தொப்பிநாதம்
ஆறு வாரம் ஆயிற்று, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு பேனல் செய்தோம், இழைப்புளி அண்ணன் சொன்ன முறையிலேயே. இடது சுவரில் இரண்டு, எதிர்ச் சுவரில் இரண்டு, பின் மூலைகளில் ஒவ்வொன்று. மூலையில் மெத்தையும் இருக்கிறது. அரிசி மூட்டையை அம்மா கேட்டதால் சரியான மேடை செய்தாயிற்று, உள்ளே பழைய வேட்டி, போர்வை. ராக்வூல், பிளைவுட், துணி, கூலி எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம்.

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளை நண்பர் ஒருவர் போட்டுக்கொடுத்து, அளவு மைக்கும் இரவல் தந்தார். வேலைக்கு முன் எடுத்த அளவில் 115-இல் ஒலி அடங்க ஒரு நொடிக்கு மேல். இப்போது பாதிக்கும் கீழே. 57 பக்கம் இன்னும் ஒரு மேடு நிற்கிறது, ஆனால் என் மிருதங்கம் அங்கே போவதில்லை.

அளவை விடுங்கள். நேற்று ஒரு மிஸ்ர சாப்பு தனி ஆவர்த்தனம் பதிவுசெய்தேன். தொப்பியில் கும்கி கொடுக்கும்போது மணிக்கட்டு அழுத்த அழுத்தச் சுருதி மேலே வழுக்கிப் போகுமே, அந்த வழுக்கல் முழுவதும் கேட்கிறது. இத்தனை நாள் அது அறையின் கும்முக்குள் முழுகிக் கிடந்தது. மாணவன் ஒருவன் கேட்டுவிட்டு, "சார், இந்த இடத்தில கையை எப்ப எடுக்கிறீங்கன்னு இப்பதான் புரியுது" என்று செய்தி அனுப்பினான்.

இழைப்புளி அண்ணா, அடுத்தது மேல்தளம். மேடைக்கு நேர் மேலே இரண்டு பேனல் தொங்கவிட வேண்டும். பக்கத்தில் ஃபேன் கொக்கி இருக்கிறது, அதில் மாட்டலாமா?

இழைப்புளி
ஃபேன் கொக்கியில் வேண்டாம் சார். தளத்தில் நாலு ஆங்கர் போல்ட் அடித்துச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். துளை போடும் முன் கரண்ட் பைப் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். ஃபேன் இறக்கைக்கும் பேனலுக்கும் ஓர் அடியாவது இடம் வேண்டும். கொக்கியிலிருந்து சுவர் வரை அளவெடுத்து இங்கேயே போடுங்கள், சட்டத்தின் அளவு சொல்கிறேன்.